நியான் மழைக்கு அப்பால்

'மேட்ரிக்ஸ்' பார்த்தாயிற்று. 'நியூரோமான்ஸர்' படித்தாயிற்று. அடுத்தது என்ன? சைபர்பங்க் ரசிகர்கள் அதிகம் எட்டிப்பார்க்காத மூலைகளில் கிடக்கும் கதைகள், படங்கள், விளையாட்டுகள் பற்றி ஒரு பார்வை.

1982இல் 'பிளேட் ரன்னர்' ஓடிக்கொண்டிருந்த தியேட்டரிலிருந்து ஒரு மனிதர் பாதியிலேயே எழுந்து வெளியே வந்துவிட்டார். படம் மோசமில்லை. ரொம்ப நன்றாக இருந்ததுதான் அவருக்குப் பிரச்சினை. அவர் எழுதிக்கொண்டிருந்த முதல் நாவலின் நகரம் அப்படியே திரையில் மழையில் நனைந்துகொண்டிருந்தது. காப்பியடித்தார் என்று ஊர் சொல்லுமே என்ற கவலை. அந்த வில்லியம் கிப்ஸனின் 'நியூரோமான்ஸர்' 1984இல் வெளிவந்து, விஞ்ஞானப் புனைகதைக்கான ஹியூகோ, நெபுலா, பிலிப் கே. டிக் ஆகிய மூன்று பரிசுகளையும் வாரிக்கொண்டது. யாரும் காப்பி என்று சொல்லவில்லை.

ஆனால் அதன் பிறகு வந்தவர்களில் பலர் உண்மையிலேயே காப்பியடித்தார்கள். ஓயாத மழை, நியான் விளக்குகள், ராத்திரியிலும் கறுப்புக் கண்ணாடி, மூளையில் செருகிய கம்பி. சைபர்பங்க் என்றால் இவ்வளவுதான் என்று ஆகிவிட்டது. தொழில்நுட்பம் உச்சத்தில், வாழ்க்கை பாதாளத்தில் என்ற அதன் ஆதாரச் சுருதியில் முதல் பாதி மட்டும் விளம்பரப் படங்கள் வரை பரவியது. இரண்டாவது பாதியைத் தேடுபவர்கள், புகழ்பெற்ற தலைப்புகளை விட்டுக் கொஞ்சம் விலகி நடக்க வேண்டும். அங்கே கேட்கப்படும் கேள்வி எளிமையானது: இந்த உடம்பு யாருக்குச் சொந்தம்?

அதைக் கேட்ட கதை, சைபர்பங்க் என்ற சொல்லே பிறப்பதற்கு முன்னால் வந்தது. (புரூஸ் பெத்கே தன் சிறுகதை ஒன்றுக்கு அந்தத் தலைப்பை வைத்தது 1980இல்; கதை அச்சேறியது 1983இல்.) ஜேம்ஸ் டிப்ட்ரீ ஜூனியர் 1973இல் எழுதிய 'தி கேர்ள் ஹூ வாஸ் ப்ளக்ட் இன்' ஒரு குறுநாவல். அதன் எதிர்காலத்தில் விளம்பரம் சட்டவிரோதம். கம்பெனிகள் சும்மா இருக்குமா? அழகான பிரபலங்களை உருவாக்கி, அவர்கள் எந்த வாட்ச் கட்டுகிறார்கள், எந்த ஷாம்பு போடுகிறார்கள் என்று உலகத்தைப் பார்க்க வைக்கின்றன. விகாரமான தோற்றம் கொண்ட பி. பர்க் என்ற பதினேழு வயதுப் பெண் தற்கொலைக்கு முயன்று பிழைக்கிறாள். கம்பெனி அவளை எடுத்துக்கொள்கிறது. பூமிக்கடியில் ஓர் அறையில் கம்பிகளுக்கு நடுவே கிடந்தபடி, மூளையில்லாமல் வளர்க்கப்பட்ட டெல்ஃபி என்ற பேரழகியின் உடம்பை அவள் இயக்குகிறாள். பெரிய இடத்துப் பையன் ஒருவன் டெல்ஃபியைக் காதலிக்கிறான். முடிவை இங்கே சொல்வது பாவம். இன்று செல்போனைத் திறந்தால் சிரித்துக்கொண்டே சோப்பு விற்கும் முகங்களைப் பார்த்துவிட்டு இதைப் படிப்பவருக்குத் தூக்கம் கெடும்.

1974இல் இந்தக் கதை ஹியூகோ பரிசு பெற்றது. மறு ஆண்டு டிப்ட்ரீயின் தொகுப்பு ஒன்றில் இது சேர்க்கப்பட்டபோது, முன்னுரை எழுதிய ராபர்ட் சில்வர்பெர்க், டிப்ட்ரீயின் எழுத்தில் மாற்ற முடியாத ஆண்தன்மை இருப்பதாகக் கண்டார். டிப்ட்ரீ என்ற பெயருக்குப் பின்னால் இருந்தவர், சி.ஐ.ஏ.வில் வேலை பார்த்திருந்த ஆலிஸ் ஷெல்டன் என்ற பெண்மணி என்பது அடுத்த சில ஆண்டுகளில் அம்பலமாயிற்று. இன்னொரு உடம்புக்குள்ளிருந்து பேசும் பெண்ணின் கதையை இன்னொரு பெயருக்குள்ளிருந்து எழுதியிருந்தார் அவர்.

ஜான் பிரன்னரின் 'தி ஷாக்வேவ் ரைடர்' (1975) சற்றுப் பழைய வாடை அடிக்கும் நாவல். ஆனால் கம்ப்யூட்டர் வலையில் தானாகவே ஊர்ந்து பரவும் புரோகிராமுக்குப் புழு என்று பெயர் வைத்தது இதுதான் என்பதற்காகவே ஒருமுறை புரட்டலாம்.

அவசியம் படிக்க வேண்டியவர் ஜார்ஜ் அலெக் எஃபிங்கர். அவருடைய 'வென் கிராவிட்டி ஃபெயில்ஸ்' டோக்கியோவிலோ லாஸ் ஏஞ்சலிஸிலோ நடக்கவில்லை. பெயர் சொல்லப்படாத ஓர் அரபு நகரத்தில், பூடாயீன் என்ற மதில் சூழ்ந்த பேட்டையில் நடக்கிறது. மேற்கு நாடுகள் துண்டு துண்டாகச் சிதறிவிட்ட காலம். மண்டையில் ஒரு துளை. அதில் 'மாடி' என்ற சில்லைச் செருகினால் (வீட்டு மாடியோடு சம்பந்தமில்லை) வேறு ஆளாகவே மாறிவிடலாம். 'டாடி' என்ற இன்னொன்று புது மொழியைப் பேச வைக்கும். பசியை, தூக்கத்தை மறக்கடிக்கும். ஒரு கொலைகாரன் ஜேம்ஸ் பாண்ட் சில்லைச் செருகிக்கொண்டு அலைகிறான். நாயகன் மாரித் ஆட்ரான் தன் மண்டையில் கம்பி ஏற்றிக்கொள்ள மறுத்து வருபவன். பேட்டையின் பெரியவர் ஃபிரீட்லாண்டர் பே விடுவதாக இல்லை.

நாவலின் ருசி கொலைத் துப்பில் இல்லை. காபிக்கு முன் பரிமாறப்படும் நீண்ட உபசார வார்த்தைகளில், பொய் சொல்லிக்கொண்டே இறைவன் பெயரால் வாழ்த்தும் மனிதர்களில் இருக்கிறது. இத்தனைக்கும் எஃபிங்கர் எழுதியது, தான் வாழ்ந்த நியூ ஆர்லியன்ஸின் பிரெஞ்சு குவார்ட்டரைப் பார்த்து. தொடர்ந்து வந்த 'எ ஃபயர் இன் தி சன்' (1989), 'தி எக்ஸைல் கிஸ்' (1991) இரண்டும் முதல் நாவலுக்குச் சளைத்தவையல்ல. நான்காவது நாவல் முடியவில்லை. வாழ்நாளெல்லாம் நோயோடும் ஆஸ்பத்திரிக் கடனோடும் போராடிய அவர் 2002இல் 55 வயதில் காலமானார். பூடாயீனை வைத்து 1990இல் 'சர்க்யூட்ஸ் எட்ஜ்' என்ற கம்ப்யூட்டர் விளையாட்டுகூட வந்தது. அது நினைவிருப்பவர்கள் சொற்பம்.

புரூஸ் ஸ்டெர்லிங் 1986இல் தொகுத்த 'மிரர்ஷேட்ஸ்' சைபர்பங்க்காரர்களின் குலப் பத்திரிகை மாதிரி. அதில் இடம்பெற்ற ஒரே பெண் பேட் காடிகன். கான்ஸாஸ் நகரத்தில் வாழ்த்து அட்டைக் கம்பெனிக்கு வாசகம் எழுதிக்கொண்டிருந்தவர். அவருடைய 'சின்னர்ஸ்' (1991) முதல் நூறு பக்கங்களுக்குப் பிடி கொடுக்காது. பாத்திரங்கள் கூட்டமாக வந்து விழுவார்கள். பொறுத்தவர்களுக்குக் கிடைப்பது, மூளையை நேரடியாகக் கம்ப்யூட்டர் வலையோடு இணைத்த கலைஞன் ஒருவனுக்குப் பக்கவாதம் வந்தால் அந்த வாதம் வலைக்கே தாவும் என்ற, வேறு யாருக்கும் தோன்றாத கற்பனை. பிரிட்டனின் ஆர்தர் சி. கிளார்க் விருது இதற்கும், அடுத்த நாவலான 'ஃபூல்ஸு'க்கும் கிடைத்தது.

இந்தியாவிலும் இந்தத் தோட்டத்தில் சில செடிகள் உண்டு. தமிழில் 1980களிலேயே சுஜாதா 'என் இனிய இயந்திரா'வில், பிறக்கவும் வாழவும் அரசு அனுமதி தேவைப்படும் 2021ஆம் ஆண்டைத் தொடர்கதையாக எழுதிவிட்டார். ஜீனோ என்ற இயந்திர நாய்க்குட்டியின் கவர்ச்சியில் அதிலிருந்த சர்வாதிகாரி பலருக்கு மறந்துபோனார்.

மஞ்சுளா பத்மநாபனின் 'ஹார்வெஸ்ட்' ஆங்கில நாடகத்தைச் சைபர்பங்க் பட்டியலில் யாரும் சேர்ப்பதில்லை. சேர்க்க வேண்டும். 1997இல் நாடகத்துக்கான ஒனாஸிஸ் பரிசு பெற்ற இது 2010ஆம் ஆண்டு பம்பாயில் நடப்பதாக எழுதப்பட்டது. வேலை இழந்த குமாஸ்தா ஓம், முகம் தெரியாத அமெரிக்கப் பெண் ஒருத்திக்குத் தன் உறுப்புகளை விற்க ஒப்பந்தம் போடுகிறான். ஒற்றை அறை வீட்டுக்குள் கம்பெனி கழிப்பறை கட்டித் தருகிறது. சத்து மாத்திரை தருகிறது. கூரையிலிருந்து தொங்கும் உருண்டையில் அந்தப் பெண்ணின் முகம் தோன்றி, மாமியார், மருமகள், மைத்துனன் எல்லோருடைய சுத்தத்தையும் கண்காணிக்கிறது. மழையும் இல்லை, நியானும் இல்லை. ஆனால் அந்த உருண்டைக்கு முன்னால் குடும்பம் குழைந்து நிற்பதைப் படிக்கும்போது வயிறு பிசைகிறது. கோவிந்த் நிஹலானி 2001இல் இதை 'தேஹம்' என்ற படமாக எடுத்தார்.

வட அயர்லாந்தில் வசிக்கும் இயன் மெக்டொனால்டின் 'ரிவர் ஆஃப் காட்ஸ்' (2004) சுதந்திரத்தின் நூற்றாண்டான 2047ஐக் கற்பனை செய்கிறது. இந்தியா பல நாடுகளாகப் பிளந்திருக்கிறது. காசியைத் தலைநகராகக் கொண்ட பாரத் நாட்டில் பருவமழை பொய்த்துவிட்டது. மக்கள் சொக்கிப்போய்ப் பார்க்கும் டிவி சீரியலில் நடிப்பவர்கள் மனிதர்களே அல்ல, செயற்கை அறிவுகள். அளவுக்கு மீறி வளர்ந்த அறிவுகளை வேட்டையாட 'கிருஷ்ணா காப்ஸ்' என்ற போலீஸ். இந்தி வார்த்தைகளை அள்ளித் தெளித்திருப்பதில் வெளியூர்க்காரரின் ஆர்வக்கோளாறு தெரிகிறது. ஆனால் தண்ணீருக்காக மாநிலங்கள் முறைத்துக்கொள்வதை அறிந்த இந்திய வாசகருக்குக் கதையின் அரசியல் அந்நியமாகத் தோன்றாது. சமித் பாசுவின் 'சோஸன் ஸ்பிரிட்ஸ்' (2020) டெல்லியையும், லாவண்யா லட்சுமிநாராயணின் 'அனலாக்/வர்ச்சுவல்' (2020) பெங்களூரையும் எடுத்துக்கொள்கின்றன. இரண்டாவதில், உற்பத்தித் திறன் குறைந்தவர்களை நகரம் மின்வேலிக்கு வெளியே தள்ளிவிடுகிறது.

படங்களுக்கு வந்தால், 'மேட்ரிக்ஸு'க்கு 26 ஆண்டுகள் முந்தியது ரெய்னர் வெர்னர் ஃபாஸ்பிண்டர் ஜெர்மன் டிவிக்காக எடுத்த 'வேர்ல்ட் ஆன் எ வயர்' (1973). கம்ப்யூட்டருக்குள் ஆயிரக்கணக்கான செயற்கை மனிதர்கள் வாழும் உலகம். தாங்கள் செயற்கை என்பது அவர்களுக்குத் தெரியாது. இந்த உலகம் எதற்காக? வருங்காலத்தில் எதற்குக் கிராக்கி இருக்கும் என்று கணிக்க. ஓர் எஃகு நிறுவனம் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு காத்திருக்கிறது. தந்திரக் காட்சிகள் எதுவுமில்லாமல், கண்ணாடிகளையும் பிரதிபலிப்புகளையும் வைத்தே ஃபாஸ்பிண்டர் மிரட்டுகிறார். இரண்டு பாகம், மூன்று மணி நேரத்துக்கு மேல். பொறுமை வேண்டும்.

கேத்ரின் பிகலோவின் 'ஸ்ட்ரேஞ்ச் டேஸ்' (1995) வசூலில் படுதோல்வி அடைந்த படம். ஒருவரின் அனுபவத்தை அப்படியே பதிவு செய்து மற்றவர் மூளையில் ஓட்டும் கள்ளச் சந்தை. கறுப்பினப் பாடகர் ஒருவரைப் போலீஸ் சுட்டுக்கொன்றதற்கான சாட்சியம் அப்படியொரு பதிவில் சிக்குகிறது. செல்போன் காமிராக்கள் போலீஸ் கொலைகளை உலகுக்குக் காட்டிய 2020க்குப் பிறகு பார்ப்பவர்களுக்கு, 1995இல் ஜனங்கள் ஏன் இதை ஒதுக்கினார்கள் என்பதே புரியாது.

இந்த வரிசையில் ஒரே ஒரு படம்தான் பார்க்க நேரமுண்டு என்றால், அது அலெக்ஸ் ரிவேராவின் 'ஸ்லீப் டீலர்' (2008). ஸ்பானிஷ் மொழி. மெக்ஸிகோ கிராமம் ஒன்றின் ஆற்றைக் கம்பெனி அணை கட்டி அடைத்துவிட்டது. தண்ணீர் எடுக்கப் போனால் வாசலில் காமிரா பொருத்திய துப்பாக்கி காசு கேட்கிறது. மேமோ என்ற இளைஞன் பொழுதுபோக்காகச் செய்த ரேடியோவைத் தீவிரவாதிகளின் கருவி என்று எண்ணி, ஆளில்லா விமானம் அவன் வீட்டைத் தகர்க்கிறது. அப்பா சாகிறார். பிழைப்புக்காக அவன் எல்லை நகரமான டிஹுவானாவுக்கு வருகிறான். எல்லையில் சுவர் எழுப்பியாயிற்று. அமெரிக்காவுக்குள் யாரும் நுழைய முடியாது. ஆனால் கூலி வேலை நடந்தாக வேண்டுமே? கையில் துளைகள் போட்டுக் கம்பிகளை மாட்டிக்கொண்டு, இங்கே நின்றபடியே, அங்கே வானளாவும் கட்டடத்தில் வெல்டிங் செய்யும் ரோபோவை இயக்குகிறான். உழைப்பு எல்லை தாண்டுகிறது, உழைப்பவன் தாண்டுவதில்லை. ராத்திரி முழுக்க அமெரிக்க நேரத்துக்குக் கால் சென்டரில் கண்விழித்த இந்தியர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இதே எண்ணத்தை ரிவேரா 1997லேயே கேலியான குறும்படமாக எடுத்திருந்தார். சண்டைக் காட்சிகளில் பணப்பற்றாக்குறை பல்லிளிப்பது உண்மைதான்.

ஜப்பானின் 'டெட்ஸுவோ' (1989), உடம்பெல்லாம் இரும்பு முளைக்கும் மனிதனைப் பற்றிய 67 நிமிடக் கறுப்பு வெள்ளைக் காட்டுக்கூச்சல். சாப்பிட்ட பிறகு பார்க்க வேண்டாம். 'நெப்டியூன் ஃப்ராஸ்ட்' (2021), செல்போன்களுக்குத் தேவையான கோல்டான் கனிமத்தைத் தோண்டும் ஆப்பிரிக்கத் தொழிலாளர்கள் கலகக்காரர்களாக மாறும் பாட்டுப் படம்.

விளையாட்டுகளைச் சிறுபிள்ளைச் சமாசாரம் என்று ஒதுக்குபவர்களுக்கு ஒரு தகவல். 1990 மார்ச் 1 அன்று அமெரிக்க ரகசிய சேவை டெக்ஸஸின் ஆஸ்டின் நகரில் ஸ்டீவ் ஜாக்சன் கேம்ஸ் என்ற சிறு நிறுவனத்தில் புகுந்து கம்ப்யூட்டர்களை அள்ளிச் சென்றது. அச்சுக்குத் தயாராக இருந்த 'கர்ப்ஸ் சைபர்பங்க்' என்ற விளையாட்டுப் புத்தகமும் போயிற்று. பகடை உருட்டி, கதை சொல்லி ஆடும் விளையாட்டு அது; அதிகாரிகளுக்குக் கம்ப்யூட்டர் குற்றத்தின் கையேடாகத் தெரிந்தது. நிறுவனம் வழக்குப் போட்டு 1993இல் 50,000 டாலர் நஷ்டஈடு வாங்கியது. முழு விவரமும் ஸ்டெர்லிங்கின் 'தி ஹேக்கர் கிராக்டவுன்' (1992) நூலில் உண்டு. எந்த நாவலுக்கும் குறையாத சுவாரஸ்யம். நூலை மின்வடிவில் அவரே இலவசமாக விட்டுவிட்டார்.

இன்றைய விளையாட்டுகளில் 'வால்ஹல்லா' (2016) வெனிசுலாவில் செய்யப்பட்டது. துப்பாக்கி கிடையாது. ஊழல் மலிந்த நகரத்தின் மதுக்கடையில் பானம் கலந்து தருபவள்தான் நாயகி. யாருக்கு எதை ஊற்றுகிறோம் என்பதைப் பொறுத்துப் பேச்சு திசைமாறும். மாத முடிவில் வாடகை கட்டியாக வேண்டும். 'சிட்டிஸன் ஸ்லீப்பர்' (2022) விளையாட்டில் ஆடுபவரின் உடம்பே கம்பெனியின் சொத்து. தப்பியோடினால் அது மெல்லப் பழுதாகும்படி செய்யப்பட்டிருக்கிறது. சரிசெய்ய மருந்து வேண்டும், மருந்துக்குக் கூலி வேலை வேண்டும். உடம்பு தேயத் தேய, அன்றன்று உருட்டக் கிடைக்கும் பகடைகளும் குறையும். 'உமுராங்கி ஜெனரேஷன்' (2020) மாவோரி இனத்தைச் சேர்ந்த கலைஞர் ஒருவர் செய்தது. நியூசிலாந்தின் தௌரங்கா நகரத்தில் கையில் காமிராவோடு இறக்கிவிடுகிறார்கள். கதையை யாரும் சொல்வதில்லை. படம் எடுக்க எடுக்க, சுவர்க் கிறுக்கல்களிலிருந்தும் களைத்துப்போன சிப்பாய்களின் முகங்களிலிருந்தும் ஊருக்கு என்ன ஆயிற்று என்பது பிடிபடுகிறது. உமுராங்கி என்றால் மாவோரி மொழியில் சிவந்த வானம்.

தேடுவதில் ஒரு சங்கடமும் இருக்கிறது. புத்தகம் அச்சில் இல்லாவிட்டால் பழைய புத்தகக் கடையில் அகப்படும். பழைய விளையாட்டு அப்படியல்ல; ஓட்டும் இயந்திரமே மறைந்துவிடுகிறது. 2010க்கு முன் அமெரிக்காவில் வந்த விளையாட்டுகளில் 87 சதவீதம் இன்று விற்பனையிலேயே இல்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் கணக்கிட்டது. 'சர்க்யூட்ஸ் எட்ஜ்' போன்றவை பிழைத்திருப்பது ரசிகர்களின் பிடிவாதத்தால்தான்.

விதிவிலக்கு 'பினீத் எ ஸ்டீல் ஸ்கை' (1994). எதிர்கால ஆஸ்திரேலியா, இரும்புக் கூரை போல் அடுக்கடுக்காக எழும்பிய நகரம், வாயாடி ரோபோ ஒன்று, 'வாட்ச்மென்' சித்திரக்கதைக்கு வரைந்த டேவ் கிப்பன்ஸின் கைவண்ணம். தயாரித்த பிரிட்டிஷ் நிறுவனம் 2003இல் இதை இலவசமாக வழங்கிவிட்டது. பழைய விளையாட்டுகளைப் புதிய கம்ப்யூட்டர்களில் ஓட வைக்கும் 'ஸ்கம்விஎம்' என்ற மென்பொருள் இருந்தால் போதும், அதுவும் இலவசம். இரண்டு மூன்று ராத்திரிகளில் முடித்துவிடலாம்.