அரைப்படி நெல்லும் ஆறு நிமிடப் படமும்: கையும் கணினியும் சேரும் ஒரு அனிமேஷன் முயற்சி



நினைவுச் சொற்பொழிவு புகழுரையோடு முடிந்துவிடக் கூடாது, மறைந்தவர்கள் விட்டுச்சென்ற வேலை ஒன்றை எடுத்துப் பேசுங்கள் என்று அரங்கத் தோழர்கள் கேட்டுக்கொண்டார்கள். ஆகவே எங்கள் குழு செய்யப்போகும் ஒரு வேலையின் திட்டத்தை இங்கே விரித்து வைக்கிறோம். கீழவெண்மணியைப் பற்றி ஆறு நிமிட அனிமேஷன் படம். பாதி கைவேலை, பாதி கணினி வேலை. இன்னும் ஒரு ஃபிரேம்கூட எடுக்கவில்லை. எடுத்து முடித்த பிறகு வரும் பாராட்டைவிட, எடுக்கும் முன் கிடைக்கும் விமர்சனம் எங்களுக்குப் பயன்படும். அதற்காகவே இந்தப் பேச்சு.

ஏன் அனிமேஷன்?

1968 டிசம்பர் 25 இரவு, அன்றைய கிழக்குத் தஞ்சையில், இன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தில் உள்ள கீழவெண்மணியில் 44 பேர் ஒரே குடிசைக்குள் வைத்து எரித்துக் கொல்லப்பட்டார்கள். தலித் விவசாயக் கூலிகளும் அவர்கள் குடும்பத்தாரும். பெண்களும் குழந்தைகளுமே மிகுதி. செங்கொடிச் சங்கத்தில் சேர்ந்ததும், கூலியாக அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டதும்தான் அவர்கள் செய்தது. இதை நாவல்கள் எழுதிப் பார்த்திருக்கின்றன. பாரதி கிருஷ்ணகுமாரின் 'ராமய்யாவின் குடிசை' ஆவணப்படம் உயிர் தப்பியவர்களின் வாய்மொழியைப் பதிவு செய்திருக்கிறது. அப்படியிருக்க, நாங்கள் எதைக் கூடுதலாகச் செய்துவிட முடியும்?

அந்த இரவைக் கேமரா பார்க்கவில்லை. கேமரா பார்க்காததை எப்படிக் காட்டுவது என்ற கேள்வி அனிமேஷனுக்குப் புதிதல்ல. 1915இல் மூழ்கடிக்கப்பட்ட லூசிடானியா கப்பலைப் படம்பிடித்தவர் யாருமில்லை. 1918இல் வின்சர் மெக்கே அதைப் படம் படமாக வரைந்து திரைக்குக் கொண்டுவந்தார். கம்போடியாவில் கெமர் ரூஜ் ஆட்சியில் குடும்பத்தை இழந்த ரித்தி பான், தன் 2013ஆம் ஆண்டுப் படத்துக்கு 'காணாமற்போன படம்' என்றே பெயர் வைத்தார். முகாமில் நடந்ததைக் காட்ட நடிகர்களைத் தேடவில்லை. களிமண் பொம்மைகளை வைத்தார். அந்தப் பொம்மைகள் அசைவதுகூட இல்லை. ஆனால் பார்ப்பவர் அவற்றைப் பொம்மையாக மட்டும் பார்க்க முடிவதில்லை.

நடிகரை வைத்து எரிகிற குடிசையை எடுத்தால் அது நடந்ததைப் போலவே இருப்பதாகப் பாவனை செய்யும். வரைந்த படம் அந்தப் பொய்யைச் சொல்லாது. இது எங்கள் கை செய்தது, நாங்கள் அங்கே இல்லை என்று ஒவ்வொரு ஃபிரேமிலும் ஒப்புக்கொள்ளும்.

எந்தக் கை?

கைவேலை என்றதும் கலை உலகில் ஒரு பரவசம் எழும். அதில் நாம் விழுந்துவிடக் கூடாது. தோல் பதனிட்ட கை, பறை கட்டிய கை, நாற்று நட்ட கை எல்லாம் தீட்டு என்று ஒதுக்கிய சமூகம்தான், கண்காட்சிக் கூடத்தில் 'கையால் செய்தது' என்ற சீட்டு தொங்கினால் விலையைக் கூட்டிக் கொடுக்கிறது. சாதி வேலையை மட்டும் பிரிப்பதில்லை, வேலை செய்கிறவர்களையே பிரிக்கிறது என்று 1936இல் அண்ணல் அம்பேத்கர் சொன்னது இங்கும் பொருந்தும். ஆகவே கை உயர்ந்தது, கணினி தாழ்ந்தது என்ற வாதம் எங்களுடையது அல்ல. எந்த வேலையை எந்தக் கருவி செய்தால் பொருள் சரியாக வரும், அந்த வேலை யாருடையது என்று படத்தில் தெரியுமா என்பவையே எங்கள் கேள்விகள்.

இரண்டு முன்னோடிகளைச் சொல்ல வேண்டும். அண்ணலின் வாழ்வைச் சொல்லும் 'பீமாயனா' (2011) நூலில் துர்காபாய் வியாமும் சுபாஷ் வியாமும் கட்டம் கட்டமாகக் கதையை அடைக்கவில்லை. தங்கள் கோண்டு மரபின் கோலங்களாலேயே பக்கத்தைப் பிரித்தார்கள். கனிவான பேச்சு பறவை வடிவக் குமிழிலும், நஞ்சான பேச்சு தேள் கொடுக்கு வைத்த குமிழிலும் வருகிறது. நினா சப்னானியின் 'டாங்கோ போலே சே' குறும்படத்தில் கட்ச் பகுதிப் பெண்கள் தாங்கள் தைத்த துணி உருவங்களோடு தங்கள் இடப்பெயர்வின் கதையைத் தங்கள் குரலிலேயே சொல்கிறார்கள். தையலை அசைய வைத்தது கணினி. தைத்தவரின் கையும் குரலும் அதில் காணாமற்போகவில்லை. நாங்கள் கற்க விரும்புவது இந்தப் பாடத்தைத்தான்.

கரி, நெல், துணி

படத்தின் மையப் பகுதி இரண்டு நிமிடம். அது கரிக்கோலால் வரும். தென்னாப்பிரிக்காவின் வில்லியம் கென்ட்ரிட்ஜ் 1989 முதல் செய்துவரும் முறை இது. ஒவ்வொரு அசைவுக்கும் புதுத் தாள் எடுப்பதில்லை. ஒரே தாளில் கரியால் வரைந்து ஒரு படம் எடுக்க வேண்டும். கொஞ்சம் அழித்து, கொஞ்சம் மாற்றி வரைந்து, அடுத்த படம் எடுக்க வேண்டும். எவ்வளவு அழித்தாலும் கரியின் தடம் தாளில் சாம்பல் நிறமாகத் தங்கிவிடும். நடந்துபோன உருவத்தின் பின்னால் அது நடந்த வழி மங்கலாகத் தெரியும்.

வெண்மணிக்கு இதைவிடப் பொருத்தமான முறை எங்களுக்குத் தென்படவில்லை. கீழ்க்கோர்ட்டு 1970இல் தண்டித்தது. உயர்நீதிமன்றம் விடுதலை செய்தது. கார் வைத்திருக்கும் பெரிய நிலக்கிழார்கள் தாங்களே நடந்துவந்து தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்ற பொருளில் தீர்ப்பு சொன்னது. நீதிமன்றக் காட்சியில் குடிசையின் கரிப்படத்தை ஒரு துணி துடைத்துக்கொண்டே போகும். தாள் வெளுக்கும், ஆனால் முழுதாக வெளுக்காது.

கூலிக் காட்சிக்கு ஒரு நிமிடம். கீழிருந்து விளக்கு எரியும் கண்ணாடி மேல் நெல்மணிகளையும் உமியையும் பரப்பி, விரலால் நகர்த்தி நகர்த்திப் படம் எடுப்போம். கரோலின் லீஃப் 1970களில் மணலை வைத்து இப்படித்தான் செய்தார். மணலைவிட நெல் பெரிது. நுணுக்கமான உருவம் வராது. வர வேண்டியதும் இல்லை. ஒரு படி நிறைவதும் குறைவதும் தெரிந்தால் போதும். சங்கக் கூட்டத்துக்கு 48 நொடி, துணியில் வெட்டித் தைத்த உருவங்கள். சிவப்பு நிறம் படத்தில் அங்கே மட்டும் வரும், கொடியில்.

ஆம், நெருப்பில் சிவப்பு வராது. நெருப்பே வராது. எரிந்த உடலும் வராது. நம் மக்கள் செய்தியில் வருவது பிணமாகத்தான் என்ற நிலையில், நாமும் அதையே வரைந்து கொடுக்க வேண்டியதில்லை. மூடிய கதவு ஒன்றைக் கரி மெதுவாக மூடும். ஒலி மட்டும் இருக்கும். இதில் குழுவுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. தீயைக் காட்டாவிட்டால் கொலையை மென்மையாக்குவதாகாதா என்று ஒரு தோழர் கேட்கிறார். அந்தக் கேள்வியை உங்கள் முன்னும் வைக்கிறோம்.

44 பெயர்கள்

படத்தின் மீதி 132 நொடி முழுக்கப் பெயர்கள். ஒரு பெயருக்கு 3 நொடி. 44 பெயருக்கு 132 நொடி. பார்ப்பவர் பொறுமை இழப்பார் என்றார்கள். இழக்கட்டும். 44 என்ற எண்ணைச் சொல்ல ஒரு நொடி போதும். 44 பேரைச் சொல்ல இவ்வளவு நேரம் ஆகும் என்பது பார்ப்பவர் உடம்புக்குத் தெரிய வேண்டும்.

இதற்கு ஓவியம் தெரிய வேண்டியதில்லை. ஒரே பெயரை ஒருவர் மூன்று தாளில் மூன்று முறை எழுத வேண்டும். மூன்றையும் மாற்றி மாற்றிக் காட்டினால் எழுத்து மூச்சுவிடுவதுபோல் நடுங்கும். அனிமேஷனில் மிக எளிய வித்தை இதுதான். மொத்தம் 132 தாள். ஒரு பெயருக்கு ஒருவர் என்று 44 பேர் எழுதலாம். எழுதத் தெரியாத பெரியவர்கள் இருந்தால், மண்ணில் விரலால் இழுக்கும் கோட்டை மேலிருந்து மூன்று முறை படம் எடுத்துக்கொள்வோம்.

கணினி எங்கே வரும், எங்கே வராது

தாள்களை ஸ்கேன் செய்வது, நிழலைச் சமன் செய்வது, துணி உருவங்களை வெட்டி எடுத்து அடுக்கடுக்காக வைத்து ஆழம் உண்டாக்குவது, ஒலியோடு பொருத்துவது, பிறமொழி வாசகங்கள் சேர்ப்பது எல்லாம் கணினியின் வேலை. கிருதா, பிளெண்டர், ஓப்பன்டூன்ஸ் ஆகிய மூன்றும் இலவசமாகக் கிடைக்கின்றன. சாதாரண மடிக்கணினியில் தொடங்கிவிடலாம்.

சுத்தம் செய்வதற்கு ஒரு வரம்பு வைத்திருக்கிறோம். தாளில் பட்ட கைரேகை, கரித்தூள், துணியின் பிசிறு நூல் ஆகியவற்றைக் கணினியில் நீக்கக் கூடாது. வேலை செய்தவரின் தடயம் அது. எழுதிக் கேட்டால் படம் வரைந்து தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளையும் இந்தப் படத்தில் பயன்படுத்த மாட்டோம். இறந்தவர்களுக்கு அது எங்கிருந்தோ ஒரு முகத்தைக் கற்பனை செய்து ஒட்டிவிடும். நம்மிடம் இல்லாத முகத்தை இருப்பதாகக் காட்ட எங்களுக்கு உரிமை இல்லை.

கணக்கு

திரையில் ஒரு நொடிக்கு 24 ஃபிரேம். ஒவ்வொரு படத்தையும் இரண்டு ஃபிரேமுக்கு நிறுத்தினால் நொடிக்கு 12 படம் போதும். கரிப்பகுதி 120 நொடி, 1440 படம். இரண்டு பேர் சேர்ந்து நாளுக்கு 40 என்று வைத்தால் 36 நாள். நெல் பகுதி 720 படம்; இரண்டு பேர் நாளுக்கு 60 என்றால் 12 நாள். ஆக 48 நாள், இரண்டு பேர், 96 ஆள்நாள். துணி உருவங்களுக்கு 12, பெயர்களைத் திரட்டி ஸ்கேன் செய்ய 3, கணினி வேலைக்கு 20, ஒலிக்கு 10. மொத்தம் 141 ஆள்நாள்.

இந்த 141க்கும் கூலி உண்டா என்பதுதான் எங்களை அதிகம் தடுமாற வைத்தது. மாணவர்கள் ஆர்வத்தோடு வருவார்கள், சான்றிதழ் கொடுத்தால் போதும் என்று முதலில் நாங்களும் பேசினோம். பிறகு வெட்கப்பட்டோம். அரைப்படி கூடக் கேட்டதற்காகக் கொல்லப்பட்டவர்களைப் பற்றிய படத்தைக் கூலி கொடுக்காமல் எடுக்கலாமா? வரவுசெலவுத் திட்டத்தில் முதல் வரியாகக் கூலியை எழுதிவிட்டோம். வரைபவருக்கும், தைப்பவருக்கும், கரித்தூளைத் துடைத்து அறையைப் பெருக்குபவருக்கும் நாள் கூலி ஒன்றே. அதற்குப் பணம் திரளாவிட்டால் படத்தின் நீளத்தைக் குறைப்போம். கூலியைக் குறைக்க மாட்டோம். பெயர்ப் பகுதியையும் குறைக்க மாட்டோம்.

வேலையின் வரிசை

இதேபோல் உங்கள் ஊரின் கதையை எடுக்க நினைக்கும் மாணவர்களுக்கு இந்த வரிசை உதவலாம். முதலில் ஒலி. பேசுகிறவரிடம் எதற்காகப் பதிவு செய்கிறோம் என்று சொல்லி, முடிந்த படத்தை அவருக்குக் காட்டுவதாக வாக்குக் கொடுத்துவிட்டுப் பதிவு செய்யுங்கள். பறை வேண்டுமானால் கலைஞரை அழையுங்கள், கூலி கொடுங்கள். அதைச் சாவு ஒலியாக மட்டும் சுருக்காதீர்கள். அடுத்து ஸ்டோரிபோர்டு. அந்தப் படங்களை ஒலியோடு சேர்த்து ஓட்டிப் பாருங்கள். இதற்கு அனிமேட்டிக் என்று பெயர். தவறு இங்கே தெரிந்தால் ஒரு நாள் நட்டம். கடைசியில் தெரிந்தால் ஒரு மாதம் நட்டம். பிறகு ஒவ்வொரு முறையிலும் பத்து நொடி சோதனை. எங்கள் நாள்கணக்கு சரியா என்பதும் அப்போதுதான் தெரியும்.

படம் எடுக்கும் அறையில் வெயில் உள்ளே வராமல் மறைத்துவிடுங்கள். மேகம் போனால்கூடப் படம் மினுங்கும். கேமராவோ செல்பேசியோ, அதை அசையாமல் கட்டுங்கள். ஒளி அளவு, குவியம், நிறச் சமன் மூன்றையும் கையால் பூட்டிவிடுங்கள். இரண்டு விளக்கு, இரு பக்கமும் சம சாய்வில். கறுப்புச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். வெள்ளைச் சட்டையின் ஒளி தாளில் விழும். அன்றைய படங்களை அன்றே இரண்டு இடத்தில் சேமியுங்கள்.

படம் முடிந்ததும் முதல் திரையிடல் வெண்மணியில்தான். அங்கே உள்ளவர்கள் ஒரு காட்சியை வேண்டாம் என்றால் எடுத்துவிடுவோம். அதற்காகவே திட்டத்தில் கடைசி பதினைந்து நாளைக் காலியாக விட்டிருக்கிறோம்.

தீயைக் காட்டலாமா, பெயர்களுக்கு இவ்வளவு நேரம் வேண்டுமா, கூலிக் கணக்கில் எங்கே பிழை என்று இப்போது நீங்கள் பேசுங்கள். நாங்கள் குறித்துக்கொள்கிறோம்.

ஜெய் பீம்.