தாய்வழிக் குடியும் வேடர் பெண்களும்

நம் ஊர்களில் கலியாணப் பேச்செடுத்தால் பெரியவர்கள் முதலில் கேட்பது, "பிள்ளை என்ன குடி?" என்பதுதான். குடி உம்மாவின் வழியே வரும். ஒரே குடிக்குள் கலியாணம் இல்லை. மட்டக்களப்பு வாவிக்கரைத் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் உள்ள இவ்வழக்கம், மேற்கேயுள்ள காடுகளில் வாழ்ந்த வேடர்களிடமும் இருந்தது. அதை வாசித்த நாளிலிருந்து அவர்கள் எனக்கு அந்நியராகத் தோன்றவில்லை.

வேடர் தம் குடியை 'வரிகே' என்பர். அதுவும் தாய்வழியே பிள்ளைக்கு வந்ததை செலிக்மன் தம்பதியர் 1911இல் வெளியிட்ட நூல் கூறுகிறது. கலியாணத்தில் மணப்பெண், தானே திரித்த கயிற்றை மணமகனின் இடுப்பில் கட்டுவாளாம். மனைவி பிரெண்டாவும் உடன் சென்றதாலேயே பெண்கள் பக்கம் இவ்வளவாவது பதிவானது என்பது என் எண்ணம்.

அவர்களின் காடு சிங்கராஜவைப் போல ஆண்டு முழுதும் மழை காண்பதல்ல. மாரியில் பசுத்து, கோடையில் காயும் உலர்வலயக் காடு. வேட்டை கிடைக்காத நாளிலும் அடுப்பெரிய வேண்டுமே! கூரிய தடியோடு போய்க் காட்டுக் கிழங்கு தோண்டி வந்தவர்கள் பெண்கள். எந்தக் கொடியின் அடியில் எந்தக் கிழங்கு என்பது அவர்களின் படிப்பு. 1983இல் மதுறு ஓயா தேசிய வனம் அறிவிக்கப்பட்டதும் வேட்டையோடு தேனெடுப்பும் கிழங்கு தோண்டலும் தடையாயின. பல குடும்பங்கள் ஹெனானிகலவுக்குக் குடியேற்றப்பட்டன. ஆண்களின் வில் பறிபோனதை எல்லோரும் எழுதினார்கள். பெண்களின் தோண்டுதடியை யார் எழுதினார்கள்?

நமக்கு இன்னும் அருகில், வாகரைப் பக்கத்தில், கரையோர வேடர் இருக்கிறார்கள். தமிழ் பேசி, மீன்பிடித்து, சேனை செய்து வாழ்பவர்கள். 2004 சுனாமியையும், 2006-07இல் யுத்த இடப்பெயர்வையும் கண்ட பிரதேசம் அது.

1946 குடிசன மதிப்பீட்டில் இலங்கையின் வேடர் 2,361 பேர். 1963இல் 400 பேர். பதினேழு ஆண்டுகளில் அத்தனை பேரும் மடிந்துவிடவில்லை. சிங்களம் பேசியோர் சிங்களவராகவும், தமிழ் பேசியோர் தமிழராகவும் எழுதப்பட்டார்கள். பின்னர் 'ஏனையோர்' என்பதற்குள் போனார்கள். கணக்கெடுப்பவர் பேச்சு மொழியைப் பார்த்தார். தாய் யார் வழி வந்தவள் என்று கேட்கவில்லை.

வாகரையில் அதைச் சொல்லக்கூடிய மூதாட்டிகள் இன்னும் இருக்கிறார்கள். வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே படிக்கப்போகும் நம் மாணவியரில் ஒருத்தியாவது கொப்பியும் பேனையுமாக வாகரை பஸ்ஸில் ஏறட்டும்.