உங்கள் மொட்டை மாடிக்கும் ஒரு வானிலை நிலையம்: இதெல்லாம் தெரியுமா?

தாம்பரமும் நுங்கம்பாக்கமும் ஒரே மின்சார ரயில் தடத்தில் இருக்கும் ஊர்கள். 2015 டிசம்பர் 2-ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் கொட்டிய மழை 49 செ.மீ.! நுங்கம்பாக்கத்திலோ 29 செ.மீ.! ஒரே ரயிலில் போய் வரும் தூரத்துக்குள் 20 செ.மீ. வித்தியாசம்! அப்படியானால் உங்கள் தெருவில் பெய்தது எவ்வளவு? அதைச் சொல்ல உங்கள் வீட்டு மாடியை விட்டால் வேறு இடமே இல்லை. சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் வீட்டு வானிலை நிலையம் அந்த வேலையைத்தான் செய்கிறது. அந்தச் சின்னக் கருவிக்குள் எத்தனை அதிசயங்கள் ஒளிந்திருக்கின்றன தெரியுமா?

★ ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் எவ்வளவு தண்ணீர் தெரியுமா? ஒரு சதுர மீட்டர் பரப்பில் சரியாக ஒரு லிட்டர்! ஆயிரம் சதுர அடி மாடியில் ஒரே ஒரு மில்லிமீட்டர் பெய்தாலே 93 லிட்டர். ராத்திரி 5 செ.மீ. அடித்துப் பெய்தால் 4,600 லிட்டருக்கு மேல்! மழைநீர்த் தொட்டியை எவ்வளவு பெரிதாகக் கட்டுவது என்று யாரையும் கேட்க வேண்டாம். உங்கள் மழைமானியே சொல்லிவிடும்.

★ அந்த மழைமானி எப்படி எண்ணுகிறது தெரியுமா? புனலுக்குக் கீழே, சிறுவர் பூங்காவின் சீசா பலகையைப் போல இரண்டு குட்டிக் கிண்ணங்கள். ஒன்று நிரம்பியதும் சாய்ந்து நீரைக் கொட்டும், மற்றது மேலே வந்து ஏந்தும். ஒவ்வொரு சாய்வுக்கும் அதிலுள்ள காந்தம் ஒரு சுவிட்சைத் தட்ட, கணக்கில் 0.2 மி.மீ. ஏறும். இந்த வகை மழைமானியை 1660-களிலேயே உருவாக்கிய பெருமை யாருக்குத் தெரியுமா? லண்டனின் புனித பால் பேராலயத்தை வடிவமைத்த கிறிஸ்டோபர் ரென்னுக்கு!

★ மழையை அளப்பது மேலை நாட்டார் மட்டும் கண்ட வித்தையா? இல்லவே இல்லை! தானியக் களஞ்சியத்தின் முன் மழை அளக்கும் கிண்ணம் வைக்க வேண்டும் என்று அர்த்தசாஸ்திரம் சொல்கிறது. கொரியாவில் மன்னர் செஜோங் காலத்தில், 1441-இலேயே மழைமானி வந்துவிட்டது. நம் ஊர் விவசாயிகள் ஓர் உழவு மழை, இரண்டு உழவு மழை என்று மண் நனைந்த ஆழத்தைப் பார்த்தே கணக்குச் சொன்னார்கள்!

★ வெப்பமானியைச் சுற்றி வெள்ளைத் தட்டுகளை அடுக்கியிருக்கிறார்களே, எதற்கு? வெயில் நேராகப் படக்கூடாது, காற்று மட்டும் உள்ளே போய்வர வேண்டும். மர அடைப்புகள் வைத்த வெள்ளைப் பெட்டியாக இந்த ஏற்பாட்டை வடிவமைத்தவர் தாமஸ் ஸ்டீவன்சன் என்ற கலங்கரை விளக்கப் பொறியாளர். ‘ட்ரெஷர் ஐலண்ட்’ நாவலை எழுதினாரே ராபர்ட் லூயி ஸ்டீவன்சன், அவருடைய அப்பா!

★ நம் ஊரில் காற்றழுத்தம் தினமும் இரண்டு முறை ஏறி இரண்டு முறை இறங்குகிறது, தெரியுமா? காலை 10 மணிவாக்கில் உச்சம், மாலை 4 மணிவாக்கில் பள்ளம். மறுபடி இரவு 10-க்கு உச்சம், விடியற்காலை 4-க்குப் பள்ளம்! சூரிய வெப்பம் வளிமண்டலத்தில் எழுப்பும் அலை இது. வெப்ப மண்டல நாடுகளில்தான் இது இவ்வளவு தெளிவாகத் தெரியும். வீட்டு நிலையத்தின் வரைபடத்தைத் திறந்தால் நாள் தவறாமல் இதைப் பார்க்கலாம். இந்தத் தாளம் கலைந்து அழுத்தம் இறங்கிக்கொண்டே போகிறதா? கடலில் ஏதோ உருவாகிக்கொண்டிருக்கலாம், வானிலை மையத்தின் அறிக்கையை உடனே பாருங்கள்!

★ 2022 ஜனவரி 15 அன்று டோங்கா தீவுகளின் அருகே கடலடி எரிமலை வெடித்தது. அதன் அழுத்த அலை பூமியைப் பலமுறை சுற்றி வந்தது! உலகெங்கும் சாதாரண வீடுகளில் இருந்த கருவிகள்கூட அது கடந்துபோன நிமிடத்தைப் பதிவு செய்துவிட்டன. அதை உணர்ந்த சென்சாரின் அகலம் சில மில்லிமீட்டர்தான்!

★ கத்திரி வெயிலில் கடற்காற்று உங்கள் தெருவுக்குள் நுழையும் தருணத்தைப் பார்த்திருக்கிறீர்களா? சென்னை போன்ற கடலோர ஊரில் காலை முழுக்க மேற்கைக் காட்டிக்கொண்டிருக்கும் காற்றுத்திசைகாட்டி திடீரென்று கிழக்கே திரும்பும். வெப்பம் இறங்கும், ஈரப்பதம் சட்டென்று ஏறும். மூன்று அளவுகளும் ஒரே நேரத்தில் மாறுவதைத் திரையில் பார்ப்பது தனி ஆனந்தம்!

★ நுங்கம்பாக்கம் வானிலை மையத்தின் கதையே ஒரு வீட்டில்தான் தொடங்கியது, தெரியுமா? 1786-இல் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி வில்லியம் பெட்ரி எழும்பூரில் தன் சொந்தச் செலவில் ஒரு வானாய்வுக் கூடம் வைத்திருந்தார். அதிலிருந்து வளர்ந்ததுதான் 1792-இல் நுங்கம்பாக்கத்தில் எழுந்த மதராஸ் வானாய்வுக் கூடம். தமிழும் பொறித்த அதன் கருங்கல் தூண் வானிலை மைய வளாகத்தில் இன்றும் நிற்கிறது!

★ வீட்டு அளவுகளை யார் மதிப்பார்கள் என்கிறீர்களா? 1997-இல் அமெரிக்காவின் ஃபோர்ட் காலின்ஸ் நகரில் ஒரு பகுதியில் பேய்மழை, மற்ற பகுதிகளில் சாதாரண மழை. அந்த வெள்ளத்தின் பாடத்தில் பிறந்ததுதான் பொதுமக்களே மழை அளந்து அனுப்பும் ‘கோக்கோராஸ்’ அமைப்பு. நார்வே வானிலை நிறுவனம் 2018 முதல் வீடுகளிலிருந்து வரும் வெப்ப அளவுகளைக் கொண்டு தன் முன்னறிவிப்பைச் செம்மைப்படுத்துகிறது!

★ கருவி சொல்வது சரியா என்று ஊசி போடும் சிரிஞ்சை வைத்தே சோதிக்கலாம், தெரியுமா? புனலின் விட்டம் 16 செ.மீ. என்றால் வாய்ப்பரப்பு சுமார் 200 சதுர செ.மீ. அதில் 0.2 மி.மீ. மழை என்றால் 4 மி.லி. தண்ணீர். சொட்டுச் சொட்டாக 40 மி.லி. விடுங்கள். ‘டக், டக்’ என்று பத்து முறை சாய்ந்து திரையில் 2 மி.மீ. வந்தால் கருவி சரி. குறைந்தால் கொத்தனாரின் ரசமட்டத்தை வைத்துப் பாருங்கள், அடிப்பலகை சாய்ந்திருக்கும். புனலில் வேப்பிலையும் காக்கை எச்சமும் அடைத்திருந்தாலும் கணக்கு தவறும். பேய்மழையில் இவ்வகைக் கருவி சற்றுக் குறைத்தே காட்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

★ இடம்தான் பாதி வெற்றி! தண்ணீர்த் தொட்டியின் நிழலும் ஏ.சி. வெளியே தள்ளும் அனலும் ஆகாது. கொதிக்கும் தளத்தை ஒட்டி வெப்பமானியை வைத்தால் அது தளத்தின் சூட்டைத்தான் சொல்லும். சுவரோ மரமோ எவ்வளவு உயரமோ, அதைப் போல இரு மடங்கு தூரம் தள்ளி மழைமானியை வையுங்கள்.

★ கடைசியாக ஒன்று. அணுக் கொள்கை தந்த ஜான் டால்டன் 1787-இல் தொடங்கிய வானிலைக் குறிப்பை 1844-இல் தான் இறப்பதற்கு முந்தைய நாள் வரை எழுதினார். 57 ஆண்டுகள்! கருவி இன்று தானே பதிவு செய்கிறது. ஆனாலும் தினமும் காலை 8.30 மணிக்கு, வானிலை மையம் மழையைக் கணக்கிடும் அதே நேரத்தில், அந்த எண்ணை ஒரு நோட்டில் குறித்துவிடுங்கள். பிள்ளைகளிடம் அந்த வேலையைக் கொடுத்தால் இன்னும் நல்லது. அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை வருமுன் கருவியை மாட்டிவிடுங்கள். உங்கள் தெருவின் மழைக்கு உங்களைத் தவிர வேறு சாட்சி இல்லை!