விற்பனை வீடுகளும் அடுக்களையும்

அடுதல் என்பது சமைத்தல். அதன்வழி வந்த அட்டில், அடுக்களை என்னுஞ் சொற்கள் எம்மொழியில் இருக்கவும், யாழ்ப்பாணத்தார் போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற ‘குசினி’யையே இன்றும் வழங்குகின்றனர். தமிழாசிரியராகிய எமக்கு இது சிறிது வருத்தமே. பெயர் எதுவாயினும் ஆகுக. அவ்விடம் எவ்வாறு கட்டப்படுகின்றது என்பதே ஈண்டு நாம் கூறப்புகுந்த பொருள். எங்கல்லூரிப் பழைய மாணவருட் பொறியியலாளரும் கட்டிட ஒப்பந்தகாரரும் பலராதலின், இம்மலர் அதற்குத் தக்க இடமெனக் கருதினோம்.

ஊரிலே ஒருவர் தமக்கென வீடு கட்டும்போது, மேசன்மாருக்குத் தேநீர் கொண்டுவரும் வீட்டுக்காரி, “அந்த யன்னலைக் கொஞ்சம் இஞ்சாலை வையுங்கோ, புகை வீட்டுக்குள்ளை வரும்” என்பாள். அச்சொல் எந்த வரைபடத்திலும் இராது. ஆயினும் குசினி செம்மையாய் அமைவது அச்சொல்லாலேயே. விற்பதற்கெனக் கட்டும் வீட்டிலோ அவள் இல்லை. அடுப்பின்முன் நிற்கப்போகின்றவர் யாரென்பதைக் கட்டுவோர் அறியார்.

முன்பின் அறியாதவர்க்கு அடுக்களை அமைக்கும் இவ்விடர்ப்பாடு எமக்கு மட்டும் உரியதன்று. முதலாம் உலகப்போரின் பின் ஜெர்மனியின் பிராங்பேட் நகரசபை ஆயிரக்கணக்கான குடியிருப்புக்களை அமைத்தபோது, மார்கரெட்டே ஷூட்டே-லிகொட்ஸ்கி என்னும் ஆஸ்திரியக் கட்டிடக் கலைஞர் 1926இல் அவற்றுக்கெனச் சமையலறையொன்றை வகுத்தார். தாம் அதுவரை சமைத்தறியாதவரெனப் பின்னாளில் அவரே கூறியுள்ளார். அறியாமையை அளவையால் நிரப்பினார்: சமைப்போர் எத்தனை அடி நடக்கின்றனர், எதற்கு எத்துணை நேரஞ் செல்கின்றது என்பவற்றை ஆராய்ந்தார்; புகைவண்டி உணவுப்பெட்டியின் சிறு சமையலறையையும் முன்மாதிரியாகக் கொண்டார். ஏறத்தாழ 1.9 மீற்றர் அகலமும் 3.4 மீற்றர் நீளமுங் கொண்ட அவ்வறை 10,000 வீடுகள் வரையிற் பொருத்தப்பட்டது. அதற்கும் ஒரு குறை இருந்தது. இருவர் சேர்ந்து வேலைசெய்ய அதில் இடமில்லை. தாயும் மகளும் மருமகளும் கூடிச் சமைக்கும் எம்மவர்க்கு அக்குறை சிறிதன்று.

சில ஆண்டுகளுக்குமுன் உறவினரொருவர் வெள்ளவத்தையிலே தொடர்மாடி வீடொன்று வாங்க விரும்பி எம்மையும் உடனழைத்துச் சென்றார். அவர் அறைகளை எண்ணினார். நாம் கடற்காற்றை வியந்தோம். அவர் மனைவியார் மட்டும் குசினியுட் சென்று இரு கைகளையும் விரித்துப் பார்த்தார். விரல்கள் இருபுறச் சுவரையும் தொட்டன. யன்னல் வெளியை நோக்காது, குழாய்கள் செல்லும் இடுக்கை நோக்கியிருந்தது. நாம் அதனைச் சுட்டியபோது விற்பவர் நகைத்து, “இந்தக் காலத்திலை ஆர் சேர் வீட்டிலை சமைக்கினம்?” என்றார். அம்மையார் ஒன்றும் பேசவில்லை. நாமும் பேசாதிருந்தோம், அது எம்பிழை.

மிளகாய்த்தூளுக்கு வறுத்த முதனாளே மேல்மாடியார் இருமிக்கொண்டு கதவைத் தட்டினராம். அன்றுதொட்டு வறுப்பது விறாந்தையிலே, தேங்காய் திருவுவது மண்டபத்திலே.

சமையல் மேடை மூன்றடி உயரமென எங்கும் ஒரேயளவாய்க் கட்டுகின்றனர். நிற்பவரின் முழங்கைக்கு நாலைந்து அங்குலங் கீழே அமைவதே காய் அரிதற்கு ஏற்றது. மாக் குழைப்பதற்கு இன்னுந் தாழ்ந்திருத்தல் நன்று. குட்டையானவர் உயர்ந்த மேடையிற் பிட்டுக்கு மாக் குழைத்தால், அன்றிரவு தோள்வலிக்குத் தைலந் தேடவேண்டியதே. அடுப்பும் கழுவுதொட்டியும் ஒன்றையொன்று ஒட்டியிராது, இடையிலே பானை இறக்கிவைக்க இடமிருத்தல் வேண்டும். புகை நேரே வெளியேற வழிவேண்டும். கழிவுநீர்க் குழாய்க்கு வாட்டம் போதாதாயின் எண்ணெய்ப்பசை படிந்து அடைத்துக்கொள்ளும்.

இவற்றுட் பெரும்பாலானவை பின்னர்த் திருத்தற்கு அரியன. சுவரின் நிறத்தை மாற்றலாம். நிலத்துக்குப் புதிய மாபிள் பதிக்கலாம். குசினிச் சுவரை இரண்டடி தள்ளிவைப்பதோ, வரைபடத்திற் பென்சிற்கோடு மட்டுமே. கட்டிமுடித்தபின் அதற்குள் கீழ்வீட்டார் குழாயும் மேல்வீட்டார் குழாயும் ஓடும்.

உறவினர் இப்போது அவ்வீட்டை விற்க முயல்கின்றார். பார்க்க வருவோரில் ஆடவர் கடலைப் பார்த்து நிற்கின்றனராம். பெண்கள் குசினியை எட்டிப் பார்த்துவிட்டுச் செருப்பை மாட்டுகின்றனராம்.