1984 ஒலிம்பிக் அமெரிக்க பேஸ்பால் அணி அட்டைகள்

1984 ஒலிம்பிக் அமெரிக்க பேஸ்பால் அணி அட்டைகள் என்பவை, லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக் போட்டியில் பங்கேற்ற அமெரிக்க நாட்டு அணியின் பயிற்சியாளரையும் 15 வீரர்களையும் காட்டும் 16 சேகரிப்பு அட்டைகள் ஆகும். டாப்ஸ் நிறுவனம் 1985இல் வெளியிட்ட 792 அட்டைகள் கொண்ட தொகுதியில் 389 முதல் 404 வரையிலான எண்களில் இவை இடம்பெற்றன. பின்னாளில் புகழ்பெற்ற மார்க் மெக்வயரின் அட்டை இவற்றுள் ஒன்று என்பதால், நாட்டு அணி அட்டைகளிலேயே மிகுதியாகப் பேசப்படும் வரிசையாக இது விளங்குகிறது.

பின்னணி

அமெரிக்காவில் பேஸ்பால் அட்டைகள் 19ஆம் நூற்றாண்டில் புகையிலைப் பொருள்களுடன் இணைப்பாக வந்தன. பின்னர் மிட்டாய், சூயிங்கம் நிறுவனங்கள் அவற்றை வெளியிட்டன. டாப்ஸ் 1952இல் வெளியிட்ட பெரிய தொகுதி இத்துறையில் ஒரு திருப்புமுனை. 1957 முதல் டாப்ஸ் பின்பற்றிய 2.5 அங்குல அகலமும் 3.5 அங்குல உயரமும் கொண்ட அளவே இன்றும் வழக்கில் உள்ளது. அட்டையின் முன்புறம் வீரரின் படமும், பின்புறம் அவருடைய ஆட்டப் புள்ளிவிவரங்களும் இருக்கும்.

வழக்கமாக இவ்வட்டைகளில் இடம்பெறுவோர் மேஜர் லீக் எனப்படும் தொழில்முறைப் போட்டியில் ஆடுபவர்கள். தொழில்முறை ஆட்டத்தில் இன்னும் கால்பதிக்காத இளைஞர்கள் நாட்டுச் சீருடையில் தோன்றியது 1985 தொகுதியின் தனித்தன்மை ஆகும்.

போட்டியும் அணியும்

1984 ஒலிம்பிக்கில் பேஸ்பால் பதக்கப் பட்டியலில் சேராத காட்சி விளையாட்டாக நடத்தப்பட்டது. எட்டு நாடுகள் கலந்துகொண்டன. சோவியத் அணி நாடுகளின் புறக்கணிப்பில் கியூபாவும் சேர்ந்ததால், அப்போதைய வலிமைமிக்க அணி ஒன்று களத்தில் இல்லை. ஆட்டங்கள் டாட்ஜர் அரங்கில் நடந்தன. ஆகஸ்டு 7 அன்று நடந்த இறுதி ஆட்டத்தில் ஜப்பான் 6-3 என்ற கணக்கில் அமெரிக்காவை வென்றது. தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ராட் டெடோ அமெரிக்க அணியின் பயிற்சியாளராக இருந்தார். 389ஆம் எண் அட்டை அவருடையது.

விடுபட்ட ஐவர்

அணியில் இருந்தவர்கள் 20 பேர். அட்டை பெற்ற வீரர்கள் 15 பேர். வில் கிளார்க், பாரி லார்கின், பி.ஜே. சர்ஹாஃப், பாபி விட், கிறிஸ் குவின் ஆகிய ஐவருக்கு இவ்வரிசையில் அட்டை இல்லை.

ஐவரும் ஒலிம்பிக் முடிந்ததும் தத்தம் கல்லூரி அணிகளுக்குத் திரும்பியவர்கள். தம் பெயரையும் படத்தையும் வணிகப் பொருளில் பயன்படுத்த விடும் மாணவர், கல்லூரி அணியில் ஆடும் தகுதியை இழக்க நேரிடலாம் என்பது அக்கால நிலை. மெக்வயர் உள்ளிட்ட மற்றவர்கள் பலர் 1984ஆம் ஆண்டுத் தேர்விலேயே தொழில்முறை அணிகளால் எடுக்கப்பட்டிருந்தனர். வரிசை முழுமை பெறாததற்குச் சேகரிப்பாளர்கள் பொதுவாகக் கூறும் விளக்கம் இதுவே.

விடுபட்ட ஐவரும் 1985 ஜூன் தேர்வில் முதல் பத்து இடங்களுக்குள் எடுக்கப்பட்டனர். சர்ஹாஃப் முதலிடத்திலும், கிளார்க், விட், லார்கின் ஆகியோர் அடுத்த மூன்று இடங்களிலும் தேர்வானார்கள். லார்கின் 2012இல் பேஸ்பால் புகழரங்கிற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அந்த 20 பேரில் புகழரங்கை அடைந்தவருக்கு இவ்வரிசையில் அட்டையே இல்லை.

401ஆம் எண் அட்டை

மெக்வயரின் அட்டை வெளிவந்தபோது அதைப் பெரிதாக யாரும் பொருட்படுத்தவில்லை. அவர் 1986 ஆகஸ்டில்தான் மேஜர் லீக்கில் முதல் ஆட்டம் ஆடினார். 1987இல் 49 ஹோம் ரன்கள் அடித்து, முதல் முழுப் பருவம் ஆடும் வீரருக்கான புதிய சாதனை படைத்தார். 1998இல் ஒரே பருவத்தில் 70 ஹோம் ரன்கள் அடித்து, ராஜர் மாரிஸ் 1961இல் படைத்த 61 என்ற சாதனையைக் கடந்தார். அவ்வாண்டில் 401ஆம் எண் அட்டையின் விலை பல மடங்கு உயர்ந்தது.

2010 ஜனவரியில், ஆடிய காலத்தில் ஊக்கமருந்து பயன்படுத்தியதை மெக்வயர் ஒப்புக்கொண்டார். 2007 முதல் 2016 வரை வாக்குச்சீட்டில் இடம்பெற்றும் புகழரங்கிற்கு அவர் தேர்வாகவில்லை. அட்டையின் விலையும் 1998இன் உச்சத்திலிருந்து இறங்கியது. அட்டையில் இருந்த படமோ அச்சோ மாறவில்லை. படத்தில் இருந்தவரைப் பற்றிய பொதுமக்கள் கருத்தே மாறியது.

அறிமுக அட்டை பற்றிய விவாதம்

ஒரு வீரரின் முதல் அட்டையே அறிமுக அட்டை எனப்படும். சேகரிப்பாளர்கள் அதற்கே அதிக மதிப்புத் தருவர். மெக்வயரைப் பொறுத்தவரை இரு கருத்துகள் உள்ளன. முதன்மைத் தொகுதியில், சாதாரணப் பாக்கெட்டில் வந்த முதல் அட்டை என்பதால் 1985 அட்டையே அறிமுக அட்டை என்பது ஒரு கருத்து. அவர் தொழில்முறை அணியின் சீருடையில் தோன்றும் 1987 டாப்ஸ் 366ஆம் எண் அட்டையே உண்மையான அறிமுக அட்டை என்பது மற்றொன்று. சந்தையில் முதல் கருத்தே மேலோங்கியுள்ளது. 1987 அட்டை மிகப் பெரும் எண்ணிக்கையில் அச்சிடப்பட்டதும் இதற்கு ஒரு காரணம்.

போலிகளும் தரமதிப்பீடும்

விலை உயர்ந்ததால் 401ஆம் எண் அட்டைக்குப் போலிகள் பெருகின. உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்க்கும்போது, அசல் அட்டையில் கறுப்பு எழுத்துகளும் கோடுகளும் திடமாகத் தெரியும். அசலைப் படமெடுத்து அச்சிட்ட போலியில் எழுத்துகளும் சிறு புள்ளிகளாகச் சிதறித் தெரியும். அட்டையின் தடிமனையும் நிறத்தையும் அதே தொகுதியின் மலிவான வேறோர் அட்டையுடன் ஒப்பிடுவது எளிய சோதனை.

விலையைத் தீர்மானிப்பது அட்டையின் நிலை. மூலைகளின் கூர்மை, ஓரங்கள், மேற்பரப்பு, படம் நடுவில் அமைந்துள்ள விதம் ஆகிய நான்கும் பார்க்கப்படும். 1991இல் தொடங்கப்பட்ட பி.எஸ்.ஏ. போன்ற நிறுவனங்கள் 1 முதல் 10 வரை மதிப்பெண் இட்டு, அட்டையை நெகிழி உறையில் மூடித் தருகின்றன. அக்காலப் பாக்கெட்டுகளில் சூயிங்கமும் மெழுகுத்தாள் உறையும் இருந்ததால் கறை படிந்த அட்டைகளும் உண்டு.

பிற்கால வெளியீடுகள்

1988 சியோல் ஒலிம்பிக் இறுதி ஆட்டத்தில் அமெரிக்கா 5-3 என ஜப்பானை வென்றது. வலது கை இல்லாமல் பிறந்த ஜிம் அபட் அந்த ஆட்டம் முழுவதும் பந்தெறிந்தார். அவ்வணியினரின் அட்டைகள் 1988 டாப்ஸ் டிரேடட் என்ற 132 அட்டைத் தொகுதியில் வந்தன. அபட்டின் அட்டையே அதில் முதலாவது. 1992 டிரேடட் தொகுதியில் நோமர் கார்சியபாரா, ஜேசன் வாரிடெக் ஆகியோர் நாட்டுச் சீருடையில் உள்ளனர். 2006இல் தொடங்கிய உலக பேஸ்பால் கிளாசிக் போட்டிக்குப் பின் பிற நாட்டு அணிகளுக்கும் அட்டைகள் வெளிவருகின்றன.

சேகரிக்கும் முறைகள்

இவ்வரிசையைச் சேகரிப்போர் இரு வகையினர். ஒரு வகையினர் மெக்வயரின் அட்டையை மட்டும் உயர்ந்த நிலையில் தேடுவர். மற்றொரு வகையினர் அணி முழுவதையும் சேர்க்க முயல்வர். மெக்வயர் நீங்கலாக உள்ள 15 அட்டைகளும் மிகக் குறைந்த விலைக்குக் கிடைப்பதால் மாணவர்களுக்கு இரண்டாம் முறை ஏற்றது. விடுபட்ட ஐவருக்குப் பதிலாக அவர்களின் பிற்கால அட்டைகளை வைத்து 20 பேரையும் நிறைவு செய்வது வழக்கம். 1987 டாப்ஸ் தொகுதியில் கிளார்க் 420ஆம் எண்ணிலும் லார்கின் 648ஆம் எண்ணிலும் உள்ளனர்.

சிட் ஏகின்ஸ், ஃபிளேவியோ அல்ஃபாரோ, பாப் கேஃப்ரி ஆகிய மூவரும் மேஜர் லீக்கில் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. சந்தையில் இவர்களின் அட்டைகளுக்கு விலை மதிப்புக் குறைவு. ஆயினும் 1984இல் நாட்டுக்காக ஆடிய அணி எது என்பதை அறிய விரும்புபவருக்கு, 390, 391, 394 ஆகிய இந்த எண்கள் இல்லாமல் வரிசை நிறைவடையாது.