மண்ணெண்ணெயில் ஓடிய கார்கள்



இங்கிலாந்தின் கேய்டன் என்ற ஊரில் உள்ள பிரித்தானிய மோட்டார் அருங்காட்சியகத்தில் பழைய கார் உரிமையாளர்கள் ஒன்றுகூடுவது வழக்கம். அங்கே போற்றப்படும் மொறிஸ் மைனர், 1948 இல் லண்டன் மோட்டார் கண்காட்சியில் அறிமுகமானது. பத்து இலட்சம் எண்ணிக்கையைத் தாண்டிய முதல் பிரித்தானியக் கார் இதுவே.

இந்தக் காரும் ஒஸ்ரின் ஏ-40 உம் வன்னிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் நெருங்கிய சொந்தங்கள். 1990 இல் இலங்கை அரசின் பொருளாதாரத் தடை வந்து பெற்றோல் கிடைக்காமல் போனபோது, நோயாளரையும் கர்ப்பிணிகளையும் சுமந்து ஓடியவை இவைதான். எரிபொருள் மண்ணெண்ணெய்!

இது எப்படி முடிந்தது? மண்ணெண்ணெய் குளிர்ந்த இயந்திரத்தில் இலகுவில் ஆவியாகாது. ஆகவே காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் செய்வார்கள். இயந்திரம் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அந்தக் கால இயந்திரங்களின் அழுத்த விகிதம் குறைவு என்பதால், தரம் குறைந்த எரிபொருளையும் அவை தாங்கிக்கொண்டன. புகை கக்கினாலும் பயணம் நிற்கவில்லை. இந்த வித்தையைக் கைவரப்பெற்ற எங்கள் மெக்கானிக்குகள் உண்மையிலேயே பெரும் திறமைசாலிகள்.

கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ வவுனியாவிலோ உங்கள் வளவில் அப்படியொரு கார் நின்றால், பழைய இரும்புக்கு விற்றுவிடாதீர்கள். அதை ஓட்டியவர்களின், திருத்தியவர்களின் அனுபவங்களை இன்றே பதிவு செய்யுங்கள். அது எங்கள் வரலாறு.