கைகளும் திக்குமா?

பிள்ளைகளின் திக்குவாய் பற்றிய நமது கலந்துரையாடலில், கேள்வி நேரத்தின்போது ஓர் அம்மா ஒலிவாங்கியை வாங்கினார். "தம்பி, என் மகனுக்குப் பிறவியிலேயே காது கேக்காது. கையாலதான் பேசுவான். அந்தக் கை திக்குது. பள்ளியில, விளையாடுறான்னு ஏசுறாங்க" என்றார். அரங்கில் சிலர் சிரித்தனர். நானும் சிரிப்பை அடக்கிக்கொண்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

சிரிக்க ஒன்றுமில்லை. 1971-லேயே அமெரிக்க ஆய்வாளர்கள் இதைப் பற்றி எழுதியுள்ளனர். 1988-ல் வெளிவந்த மற்றோர் ஆய்வில், செவித்திறன் குறைந்த 9,930 மாணவர்களில் 12 பேருக்குத் திக்கல் இருந்தது. அவர்களில் 6 பேருக்குக் கைமொழியில் மட்டுமே திக்கல்! 2009-ல் பெல்ஜியத்தின் பிளெமிஷ் சைகை மொழியிலும் இதே அறிகுறிகள் பதிவாயின.

சைகையின் தொடக்க அசைவு இரண்டு மூன்று முறை வரும். சில வேளை கை அந்தரத்திலேயே நின்றுவிடும். தேவையற்ற அசைவு குறுக்கிடும். ஆனால் பார்த்தவுடனே திக்கல் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. சில சைகைகளில் இரட்டிப்பே இலக்கணம். அமெரிக்கச் சைகை மொழியில் 'உட்கார்' என்பதற்கு ஓர் அசைவு. அதையே சிறிதாக இருமுறை செய்தால் 'நாற்காலி'. புதிதாகக் கற்பவர் சைகை மறந்து தடுமாறுவதும் திக்கல் அல்ல. திக்குபவருக்குச் சொல் தெரியும், கைதான் வராது. இந்த வேறுபாடு அந்த மொழியிலேயே புழங்குபவர் கண்ணுக்குத்தான் பிடிபடும்.

நம் வீடுகளில் திக்கினால் நாக்கு தடித்திருக்கிறது என்பார்கள், வசம்பு தேய்ப்பார்கள். நாக்கே வேலை செய்யாத மொழியிலும் திக்கல் வருகிறதென்றால், பழியை நாக்கின்மேல் போட முடியாது. மூளை மொழியை வரிசைப்படுத்தி உறுப்புகளுக்கு அனுப்பும் இடத்தில்தான் தேட வேண்டும் என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

அந்த அம்மாவிடம் சொன்னது இதுதான்: மகனின் கையைப் பிடித்து நிறுத்தாதீர்கள். சைகையை நீங்கள் முடித்து வைக்காதீர்கள். கையையே உற்றுப் பார்க்காமல் முகத்தைப் பார்த்துக் காத்திருங்கள். பேச்சுப் பயிற்சியாளரிடம் போகும்போது சைகை மொழிபெயர்ப்பாளரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். ஆசிரியரிடமும் சொல்லுங்கள்.

பக்கத்தில் இருந்த பையன் ஏதோ சொல்ல முயன்றான். கை இருமுறை நின்றது. இம்முறை அம்மா காத்திருந்தார். அரங்கில் குளிராக இருக்கிறதாம்.